பூட்டிய அறைகளும் புறப்படாத திருமேனிகளும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களில் முதலாம் இராசராசன் பொறிக்கச் செய்த கல்வெட்டுகளை வரலாற்று ஆவணம் என்றும், பக்திக்குச் சான்று என்றும் பலரும் பாராட்டியுள்ளனர். அவற்றை ஒரு கருவூலத்தின் இருப்புப் பதிவேடாகவும் படிக்கலாம். அவ்வாறு படிப்போர்க்கு வியப்பு மேலும் மிகும். அரசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 66. அவற்றின் உயரம் முழக் கணக்கிலும் விரல் கணக்கிலும் குறிக்கப்பட்டுள்ளது. திருக்கரங்கள் எத்தனை, பீடம் எத்தகையது, திருவாசி உண்டா என்பனவும் சொல்லப்பட்டுள்ளன. அணிகலன்களின் பொன் 'ஆடவல்லான்' என்னும் நிறைகல்லாலும், மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் நிறைகல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்துகளை வகை பிரித்து எண்ணியிருக்கின்றனர். ஒரு கல்லில் வெடிப்பு இருந்தால் வெடிப்பு, வெண்புள்ளி இருந்தால் வெண்புள்ளி என்று அக்குறைகளையும் மறையாது எழுதியிருக்கின்றனர். பேரரசன் கொடுத்த பொருளாயிற்றே என்று கணக்கர் எதனையும் மழுப்பவில்லை.

ஆனால் அத்திருமேனிகளுள் இன்று அக்கோயிலில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. பதிவேடு நின்றது, பொருள் போயிற்று. விலைமதிப்பற்ற பொருள்களைக் காத்தல் என்னும் கலையின் வரலாற்றைத் தமிழகத்தில் எழுதப் புகுவோர் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுதி வைத்தல் ஒன்று, பூட்டி வைத்தல் ஒன்று. இவ்விரண்டும் எல்லாக் காலத்திலும் கைகோத்துச் சென்றதில்லை.

கோயிலின் செல்வம் இருந்த இடத்தைக் கல்வெட்டுகள் 'பண்டாரம்' என்றும் 'சீபண்டாரம்' என்றும் சுட்டுகின்றன. அது வெறும் பூட்டறையன்று. ஊர்ச்சபைகள் அங்கிருந்து கடன் பெற்றன. வட்டி விளக்குக்கும் அமுதுபடிக்கும் திரும்பி வந்தது. பொருள் அறைக்குள் உறங்காமல் ஊருக்குள் உலவிக் கொண்டிருந்தது. திருமேனிகளின் நிலையும் அதுவே. கருவறையில் நிலையாக அமைந்த மூலவர் கல்லால் ஆனவர், அவர் நகரமாட்டார். செப்பிலே வார்த்த உலாத்திருமேனியோ புறப்படுவதற்கென்றே பிறந்தது. பீடத்தின் ஓரங்களில் வளையங்களும் துளைகளும் இருப்பதன் நோக்கம், தண்டு செருகித் தோளில் ஏற்றுவதே. கருவறை வரை வர இயலாதவனுக்கும், வர விடப்படாதவனுக்கும் தெருவிலே சென்று காட்சி தருவதற்காக அமைந்த வடிவம் அது. இதனை ஈண்டு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் வரும் வழக்குகள் யாவும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைகின்றன.

அச்சம் வந்த காலத்தில் நம் முன்னோர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, தெய்வத்தைத் தூக்கிக் கொண்டு புறப்படுதல். திருவரங்கத்து அழகிய மணவாளர் 1323-இல் அரங்கத்தை விட்டு நீங்கி 1371-இல் திரும்பியதை வைணவ உலகம் மறக்கவில்லை. தில்லைக் கூத்தப்பெருமான் 1648-இல் சிதம்பரத்தை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்து 1686-இல் மீண்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. பிரிந்திருந்த காலத்தை 37 ஆண்டு, 10 மாதம், 20 நாள் என்று கணக்கிட்டு அவை எழுதியுள்ளன. நாள் எண்ணிக் காத்திருந்தவர்களின் எழுத்து அது. காஞ்சி வரதர் உடையார்பாளையம் சென்று 1710-இல் திரும்பிய செய்தியும் கல்வெட்டில் உள்ளது.

மற்றொரு வழி புதைத்தல். 1311-இல் மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது. அதன் பின்னரும் பல படையெடுப்புகள் நேர்ந்தன. வைகானச மரபின் விமானார்ச்சனகல்பம் என்னும் நூல், கள்வராலோ பகைவர் படையாலோ அச்சம் நேர்ந்தால் திருமேனிகளை எவ்வாறு மறைப்பது என்பதற்கு விதியே வகுத்துள்ளது. மறைவிடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, தருப்பை இட்டு, மந்திரம் ஓதித் திருமேனியைக் கிடத்தி மூட வேண்டும். அதிலுள்ள தெய்வ ஆற்றலை வேறொன்றுக்கு மாற்றி வழிபாட்டைத் தொடர வேண்டும். ஆபத்து நீங்கியபின் எடுத்து மறுபடி நிறுவ வேண்டும். உலகின் மிக எளிய பாதுகாப்புப் பெட்டகம் இதுவே எனலாம். பூட்டு இல்லை, சாவி இல்லை, காவலர் இல்லை. இடத்தை அறிந்த நான்கைந்து பேரின் நாவடக்கம் ஒன்றே காவல். அதன் குறையும் அதுவே. அறிந்தவர்கள் மாண்டபின் மீட்பார் எவரும் இல்லை. பல திருமேனிகள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்து, ஏர் முனையிலோ மண்வெட்டியிலோ பட்டு வெளிவந்தன. திருவெண்காட்டு இடபவாகனத் தேவர் அவ்வாறு வந்தவர். 1011-இல் நிலவிய திருமேனி அது என்பதற்கு அக்கோயிலிலேயே கல்வெட்டு உண்டு. காளை இல்லை, காளையின் மேல் சாய்ந்த கை மட்டும் வெற்றிடத்தில் ஊன்றி நிற்கிறது. 1951-இல் நிறுவப்பட்ட தஞ்சைக் கலைக்கூடத்தில் அதனைக் காண்போர், இல்லாத காளையைத் தம் கண்ணாலேயே நிரப்பிக் கொள்கின்றனர். விழுப்புரத்துக்கு அருகில் உள்ள எசாலத்தில் 1987-இல் திருமேனிகளோடு இராசேந்திர சோழனின் செப்பேடும் கிடைத்தது. அங்கே பொருளும் பதிவேடும் ஒரே குழியில் காக்கப்பட்டிருந்தன.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்தனர். மன்றோ தருமபுரியில் வாழ்ந்தவர். வரியென்றால் பணம், பணமென்றால் அதனை வைக்க அறை. நம் நாட்டில் அரசின் கருவூலம் என்னும் அமைப்பு ஆங்கிலேயர் காலத்தில் படிப்படியாக வட்டத் தலைமையிடம் வரை வந்து சேர்ந்தது. தடித்த சுவர், இரும்புக் கதவு, ஒருவரிடம் ஒரு சாவி மற்றொருவரிடம் மறு சாவி என இரட்டைப் பூட்டு, வாயிலில் துப்பாக்கி ஏந்திய காவலர் ஆகியவை அதன் இலக்கணம். இருவரும் சேர்ந்தாலன்றிக் கதவு திறவாது. தனி ஒருவரின் நேர்மையை நம்பாத ஏற்பாடு இது என்று சிலர் குறை கூறுவர். தனி ஒருவர் மேல் பழி விழாமல் காக்கும் ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கருவூலத்துக்கும் நம் தெய்வங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அத்தொடர்பை உண்டாக்கிற்று. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகில் உள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். ஆகவே நிலத்திலிருந்து எழுந்த நடராசரோ அம்மையோ, அடுத்த அறையில் முத்திரைத் தாள் கட்டுகளோடும் ரொக்கப் பெட்டியோடும் தங்க நேர்ந்தது. வேறு உரிமையாளர் இல்லையெனின் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்தின் உரிமையாளருக்கு என்பது விதி. கேட்பதற்கு நியாயமாகவே உள்ளது. ஆனால் அரசு அப்பொருளைத் தானே எடுத்துக் கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. அப்போது தர வேண்டியது அதிலுள்ள உலோகத்தின் மதிப்பும், அம்மதிப்பில் ஐந்திலொரு பங்கும் மட்டுமே.

இந்த ஐந்திலொரு பங்கில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. சோழர் காலத்து நடராசரைச் செம்பின் நிறைக்கு மதிப்பிட்டு, மேலே சிறிது சேர்த்துக் கொடுப்பது அரசு. அதே திருமேனிக்கு இலட்சக்கணக்கான டாலர் தரக் காத்திருந்தது அயல்நாட்டுச் சந்தை. இவ்விரண்டுக்கும் நடுவே மண்வெட்டியோடு நின்றவன் நாட்கூலி வாங்கும் ஏழை. அவன் அரசிடம் ஓடவில்லை என்று வியப்பதில் பொருளில்லை.

பத்தூர் நடராசரின் கதை அவ்வாறு பிறந்ததே. தஞ்சைப் பகுதியில் இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டும்போது திருமேனிகள் வெளிப்பட்டன. அவர் அரசுக்குச் சொல்லவில்லை. நடராசர் கை மாறிக் கை மாறி இலண்டன் சேர்ந்தார். 1982-இல் கனடா நாட்டு பம்பர் வளர்ச்சி நிறுவனம் அவரை 2,50,000 பவுனுக்கு வாங்கிற்று. பழுது பார்க்கக் கொடுத்திருந்தபோது இலண்டன் காவல்துறை கைப்பற்றியது. பின்னர் நிகழ்ந்த வழக்கு உலகச் சட்ட நூல்களில் இடம்பெற்றது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் பத்தூர் மண்ணோடு ஒப்பிடப்பட்டன. தமிழகத் தொல்லியல் துறையின் முன்னாள் இயக்குநர் இரா. நாகசாமி சான்றுரைத்தார். இடிந்த கோயிலுக்குச் சட்டப்படி வழக்காடும் ஆளுமை உண்டு என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டிலும் 1991-இல் கோயிலே வென்றது. கடவுளைச் சட்டப்படி ஓர் ஆளாகக் கொள்ளும் இந்திய நெறியை இலண்டன் நீதிபதிகள் மதித்தது அரிய செயல். அவ்வாண்டே நடராசர் தாயகம் மீண்டார். மாலைகளும் மேளமும் ஆரவாரமும் அவரை வரவேற்றன. அதன்பின் எங்கே சென்றார்? வழக்கில் வென்ற பத்தூருக்கு அல்ல. திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்தின் அறைக்கு.

சிவபுரத்து நடராசரும் அத்தகையவரே. 1951-இல் உழவர் ஒருவரின் நிலத்தில் கிடைத்தார். கோயிலில் சேர்க்கப்பட்டார். பழுது நீக்க அனுப்பியபோது மூலத்தை வைத்துக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்பிவிட்டனர். ஊரார் ஆண்டுக்கணக்கில் அந்தப் போலிக்கே கற்பூரம் காட்டினர். பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட், உண்மைத் திருமேனி பம்பாயில் தனியார் ஒருவரிடம் இருக்கிறது என 1965-இல் வெளியான தம் நூலில் எழுதிய பிறகே உண்மை வெளியாயிற்று. அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது, இந்தியா வழக்கிட்டது, 1976-இல் உடன்பாடு ஏற்பட்டது. பத்தாண்டுகள் அங்கே காட்சிக்கு இருந்தபின் அவர் திரும்பினார். அவரும் சிவபுரத்தில் நிலைபெறவில்லை. பூட்டிய அறையே அவருக்கும் இல்லமாயிற்று.

இவ்வறைகள் யாவை? தமிழ்நாட்டு அரசின் இந்து சமய அறநிலையத் துறை, காவலற்ற சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகளைத் திரட்டிப் பெரிய கோயில்களின் வளாகத்துக்குள் வைத்துக் காக்கிறது. அவற்றுக்கு உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம் என்று பெயர். திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் உள்ளது அவற்றுள் பெரியது. அறுநூறுக்கும் மேற்பட்ட கோயில்களின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட திருமேனிகள் அங்கே உள்ளன. கும்பகோணம், திருநெல்வேலி முதலிய இடங்களிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. ஆயுதம் ஏந்திய காவல், எச்சரிக்கை மணி, கண்காணிப்புக் கருவி, பதிவேடு எனப் பாதுகாப்புக்கு உரியவை எல்லாம் உண்டு. தியாகராசரை வணங்க வருவோர் பார்க்கக் கூடியது மூடிய கதவையும் காவலரையும் மட்டுமே. உள்ளே வரிசை வரிசையாக நடராசர்கள், சோமாசுகந்தர்கள், அம்மன்கள், ஆழ்வார்கள், நாயன்மார்கள். ஊர் ஊராகத் தனித்தனி ஆட்சி செய்தவர்கள், ஒரே அறையில் பெயர்ச்சீட்டுடன் நிற்கின்றனர். திருவிழா நாளில் உரிய ஊரார் முறைப்படி கேட்டு, காவலோடு பெற்றுச் சென்று, விழா முடிந்ததும் திருப்பி ஒப்படைப்பர். பல கோயில்களுக்கு அவ்வாறு கேட்டு வருவோரே இல்லை.

தூக்கிச் செல்வதற்காகச் செய்த பொருளைத் தூக்கிச் செல்லாமல் இருப்பதற்காகப் பூட்டியுள்ளோம். இதில் வேறொரு கேடும் உண்டு. செம்பில் உப்பின் கூறாகிய குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பொடியாக அரிப்பு எழும். அருங்காட்சியகத்தார் இதனை வெண்கல நோய் என்பர். மண்ணில் நெடுங்காலம் கிடந்தவற்றுக்கு இந்நோய் எளிதில் பற்றும். அபிடேகமும், துடைப்பும், எண்ணெய்க் காப்புமாக நாள்தோறும் ஒரு கை பட்டுக்கொண்டிருந்தால், மாற்றம் உடனே கண்ணுக்குப் படும். காற்றோட்டமற்ற அறையில் ஆயிரத்துள் ஒன்றாக நின்றால் யார் காண்பார்?

எனினும் அறையே வேண்டாம் என்று வழக்காடுவோர் சீபுரந்தான் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் பிரகதீசுவரர் கோயில் சோழர் காலத்தது. வழிபாடு அருகிப் பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கிருந்து நடராசர் உட்பட எட்டுத் திருமேனிகள் களவு போயின. எவருக்கும் தெரியவில்லை. 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆத்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. அதே ஆண்டில் அருகிலுள்ள சுத்தமல்லியில் 18 திருமேனிகள் களவானது வெளிப்பட்டது. எஞ்சிய ஊர்களின் திருமேனிகளையாவது மையத்துக்குக் கொண்டு செல்வோம் என்று அதிகாரிகள் சீபுரந்தானுக்கு வந்து பூட்டைத் திறந்தபோதுதான் அறை வெறுமையாயிருந்தது தெரிந்தது. வேறோர் கண்டத்தின் மக்கள் கட்டணமின்றிக் கண்டு மகிழ்ந்து கொண்டிருந்த காலத்தில், அவர் தம் கோயிலில் இருப்பதாகவே நாம் நம்பியிருந்தோம். ஈராண்டு காலம் பூட்டு வெறும் அறையைக் காத்தது.

களவாடியவர்களுக்கும் காவலறை தேவை. இது பலரும் எண்ணிப் பாராத செய்தி. சீபுரந்தான் திருமேனிகளை விற்றவர் நியூயார்க் நகரின் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். 2011-இல் செருமனியில் பிடிபட்டு, 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022-இல் கும்பகோணம் நீதிமன்றத்தால் உடையார்பாளையம் வழக்கில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர் அவர். அமெரிக்க அதிகாரிகள் அவருடைய காட்சிக்கூடத்தையும், நகரில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த சேமிப்பறைகளையும் சோதனையிட்டுக் கைப்பற்றியவை 2,600-க்கு மேற்பட்ட பொருள்கள்; மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். தமிழகத்து அறையில் தெய்வங்கள் களவுக்கு அஞ்சிப் பூட்டப்பட்டனர். நியூயார்க் அறையில் சட்டத்துக்கு அஞ்சிப் பூட்டப்பட்டனர். இரண்டிலும் இருட்டு ஒன்றுதான்.

செல்வர் உலகம் இதனை இன்னும் நயமாகச் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் செனீவா நகரில் 1888 முதல் நடைபெற்று வரும் சுங்கவரியற்ற கிடங்கு தொடக்கத்தில் தானியம் முதலிய வாணிகப் பொருள்கள் தங்குவதற்கு அமைந்தது. இன்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் அங்கிருப்பதாகக் கூறுவர். எந்த அருங்காட்சியகமும் எட்ட இயலாத அளவு. ஆயினும் பார்வையாளர் எவரும் இல்லை. பொருள் வழியில் தங்கியிருப்பதாகக் கணக்கு. ஆதலால் வரி இல்லை. அறைக்குள் இருந்தபடியே ஓர் ஓவியம் ஐந்து முறை விற்கப்படலாம். ஆணியில் ஒருமுறையும் மாட்டப்படாமல் இருக்கலாம். 1995-இல் அங்கே இத்தாலிய வணிகர் சாக்கோமோ மெதிச்சியின் அறைகளைக் காவல்துறை திறந்தபோது, கல்லறைகளிலிருந்து தோண்டிய தொல்பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மண் அப்பிய நிலையில் அவற்றை எடுத்த நிழற்படங்களும் கட்டுக்கட்டாக இருந்தன. அந்தப் படங்களே அவருக்கு எதிரான சான்றாயின. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் சாங்கி வானூர்தி நிலையத்தை ஒட்டி 2010-இல் இத்தகைய கிடங்கு திறக்கப்பட்டது. தங்கம், வைரம், பழம் மது, ஓவியம் ஆகியவற்றைச் செல்வர்கள் அங்கே வைத்தனர். ஆசியாவின் செல்வமெல்லாம் அங்கே குவியும் என்று எதிர்பார்த்தனர். 2022-இல் அது 4 கோடி சிங்கப்பூர் டாலருக்குக் கைமாறியது.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2011-இல் திறந்து கணக்கெடுத்தனர். வெளிவந்த பொன்னும் மணியும் உலகச் செய்தியாயின. ஓர் அறையை மட்டும் திறக்கவில்லை. 2020-இல் நீதிமன்றம் அரச குடும்பத்தின் பொறுப்புரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அங்கே காவலாக நின்றது இரும்பைவிட அச்சமும் பக்தியுமே. நூற்றாண்டுகளாகச் செல்வம் இருப்பதை ஊரறியும். எவ்வளவு என்பதை எவரும் அறியார். சோழன் கணக்கைக் கோயிலின் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தான். திருவிதாங்கூரார் பொருளை வைத்துக் கணக்கை மறைத்தனர். முன்னது பெரும்பாலும் அழிந்தது, பின்னது நிலைத்தது என்று கொண்டு, மறைவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. அதற்கு மாறான சான்று புதுச்சேரியில் உள்ளது.

1955-இல் தொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், அடுத்த ஆண்டு முதலே ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் திருமேனிகளையும் நிழற்படம் எடுத்தனர். அக்காலத்துச் சாலைகளில், கனமான கருவிகளோடு, பெயர் தெரியாத சிற்றூர்களுக்கெல்லாம் சென்றனர். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. களவைத் தடுப்பது அவர்கள் நோக்கமன்று, ஆய்வே நோக்கம். ஆனால் சீபுரந்தான் நடராசரையும், விருத்தாசலத்திலிருந்து சிட்னிக் கலைக்கூடத்துக்குப் போன அர்த்தநாரியையும் இவர்கள்தாம் என்று அடையாளம் காட்டியவை அப்படங்களே. 2014-இல் இருவரும் இந்தியாவுக்குத் திரும்பினர். அனந்தமங்கலத்து இராமர், இலக்குவர், சீதை ஆகியோர் 1978-இல் களவானவர்கள். 1958-இல் எடுத்த படம் ஒன்று அவர்களை இங்கிலாந்திலிருந்து 2020-இல் மீட்டு வந்தது. ஒரு படத்துக்கு ஆன செலவையும், ஒரு மையத்துக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டால் எது சிறந்த பூட்டு என்பது விளங்கும். பூட்டு கள்வனைச் சிறிது நேரம் தடுக்கிறது. படம் பொருளை விற்க முடியாதபடி ஆக்குகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது இதனை உணர்ந்தே. அச்சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. ஊர்க்கோயில்களில் பதிவு முழுமை பெறுவதற்குள் வண்டி வண்டியாகப் பொருள் போய்விட்டது. தமிழகக் காவல்துறை 1983-இல் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவைத் தனியே அமைக்க நேர்ந்ததும் அதனாலேயே.

மீண்டு வந்த திருமேனி எங்கே இருக்க வேண்டும் என்னும் கேள்வி இன்னும் தீரவில்லை. அருங்காட்சியகமே சரி என்பர் ஒருசாரார்; அங்கே உரிய தட்பவெப்பமும், படித்த காவலரும், பார்ப்பதற்கு மக்களும் உண்டு. கோயிலே சரி என்பர் மற்றொரு சாரார். ஆனால் கதவில்லாத கோயிலில் எப்படி வைப்பது என்று கேட்டால் விடை தயங்கி வருகிறது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களிலேயே வலுவான காப்பறை அமைக்குமாறு ஆணையிட்டது. நடுவழி என்று இதனைச் சொல்லலாம். கல்லிடைக்குறிச்சியில் 1982-இல் களவான நடராசரை ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் 2001-இல் வாங்கியிருந்தது. 2019-இல் அவர் திரும்பியபோது மையத்தில் அடைபடாமல் தம் குலசேகரமுடையார் கோயிலுக்கே சென்றார். ஊரே தெருவில் திரண்டது. அனந்தமங்கலத்தாரும் தம் இராமரைத் தம் கோயிலிலேயே பெற்றனர். இவ்விரு ஊர்களிலும் கேட்பதற்கு ஆள் இருந்தது. பெறுவதற்குக் கோயில் இருந்தது. சிக்கல் அறையில் இல்லை. கேட்பார் இன்றிப் போன ஊர்களில் உள்ளது.

காவிரிக் கரையைப் போலத் தகடூர் நாட்டில் செப்புத் திருமேனிகள் மிகுதியில்லை. அதியமான் ஆண்ட இம்மண்ணின் செல்வம் வேறு. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் வயல் வரப்புகளிலும், ஏரிக் கரைகளிலும், புளியமர நிழலிலும் நிற்கும் நடுகற்களே அது. ஆநிரை கவர்ந்து சென்றவரை எதிர்த்து மாண்டவன், ஊரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்தவன் எனப் பெரிய வரலாற்றில் இடம்பெறாத எளிய மறவர்களின் பெயரும் ஊரும், வட்டெழுத்தில், பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டோடு அவற்றில் உள்ளன. நாகசாமி தலைமையில் தொல்லியல் துறையினர் 1970-களில் செங்கம் பகுதியிலும் தருமபுரிப் பகுதியிலும் அலைந்து இவற்றைப் படியெடுத்து நூலாக்கினர். தமிழ் எழுத்து வளர்ந்த வரலாற்றில் ஓர் இடைவெளி அதனால் நிரம்பிற்று. சில கற்கள் தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்துக்கு வந்தன. பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு இரட்டைப் பூட்டும் இல்லை, காவலரும் இல்லை. மணியும் பொன்னும் அல்லவாதலால் கள்வனுக்கும் நாட்டமில்லை. அவற்றின் பகை வேறு. சாலையை அகலப்படுத்தும் பொறி, நிலத்தைச் சமன் செய்யும் உழுபொறி, வாய்க்கால் பாலத்துக்குப் பலகைக் கல் தேடும் கை, துணி துவைக்கக் கல் தேடும் கை ஆகியனவே அவை.

இவற்றுள் தப்பிப் பிழைத்தவை எவை என்று பார்த்தால் ஒரு செய்தி புலனாகும். மக்கள் 'வேடியப்பன்' என்று பெயரிட்டு, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து வழிபடும் கற்கள் பிழைத்திருக்கின்றன. கல்லில் இருப்பவன் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் யாருடைய ஆநிரைக்காக மாண்டான் என்பது பொங்கல் வைக்கும் மூதாட்டிக்குத் தெரியாது. எழுத்து அவளுக்குப் படிக்க வராது. கல்வெட்டு அறிஞர் சிலரையன்றி நமக்கும் வராது. சில இடங்களில் எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்தை மறைத்தும் விட்டன. ஆய்வாளர் இதற்காக வருந்துவர்; எனக்கும் வருத்தம் உண்டு. ஆயினும் அந்தப் படிவத்துக்கு அடியில் எழுத்து இன்னும் இருக்கிறது. வழிபாடு நின்றுபோன கற்கள் இருந்த இடத்தில் எழுத்தும் இல்லை, கல்லும் இல்லை.

நம் இலக்கிய வட்டத்தின் அன்பர்கள் பலரும் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். மாரண்டஅள்ளிச் சாலையிலோ, காரிமங்கலச் சாலையிலோ, தத்தம் ஊர் எல்லையில் சாய்ந்து நிற்கும் கல் ஒன்றை அவர்கள் அறிந்திருப்பர். ஒரு நிழற்படம், ஊரின் பெயர், கல் நிற்கும் இடம், அதன் உயரம், அதனை ஊரார் அழைக்கும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுத ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். சோழனின் கணக்கர்கள் முழக்கோலும் நிறைகல்லும் கொண்டு செய்த வேலை அதுவே. எழுத்து தெரிந்தால் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படம் எடுக்க வேண்டும். நண்பகலில் எடுத்தால் வட்டெழுத்தின் பள்ளம் தெரியாது.